54 வருடங்கள் காத்திருந்த கையெழுத்து

அப்பிள் கணினி ஒன்றில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து கடைசிக்குப் போனால் ஸப்ஃபினோ என்ற பெயர் இருக்கும். அதைத் தெரிவுசெய்து, அதன் பெயரையே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து பாருங்கள். ஏழாவது எழுத்தைத் தட்டியதும் சொல் முழுவதும் உருமாறி, தனியாக வரையப்பட்ட ஒரே வடிவமாகிவிடும். ஏழு எழுத்துக்கும் சேர்த்து ஒரு கூட்டெழுத்து. தமிழில் க்ஷ போன்ற கூட்டெழுத்துகள் நமக்குப் பழக்கம்தான். ஆனால் ஒரு முழுப் பெயருக்கே கூட்டெழுத்து வரைந்து, அதை எழுத்துருவுக்குள் ஒளித்துவைத்தது விளையாட்டு மாதிரித்தான் இருக்கிறது. அந்த விளையாட்டுக்குப் பின்னால் அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்ட ஒரு சிக்கல் இருக்கிறது.

கலியாணக் கார்ட், பட்டமளிப்புச் சான்றிதழ், ஹோட்டல் மெனு, வாசனைத் திரவியப் போத்தல் என்று 'இது சாதாரண விஷயமல்ல' என்று சொல்லவேண்டிய இடங்களில் எல்லாம் சாய்ந்து, சுழித்து, வால் நீட்டிய ஆங்கில எழுத்துகளைப் பார்க்கிறோம். அச்சகங்களில் இவற்றைப் பொதுவாக ஸ்கிரிப்ட் என்பார்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே குடும்பம் போலிருந்தாலும் இவற்றில் இரண்டு பெரிய கிளைகள் உண்டு. பிரிப்பது பேனா முனை.

முதலாவது, கூர்முனைப் பேனாவில் பிறந்தது. அழுத்தினால் முனை விரிந்து கோடு தடிக்கும், அழுத்தத்தைக் குறைத்தால் மயிரிழையாகும். 17ஆம், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வணிகக் கடிதங்களும் கணக்குகளும் எழுதப் பழக்கிய 'ரவுண்ட் ஹேண்ட்' கையெழுத்து இதுதான். எழுத்தாசிரியர்கள் தங்கள் மாதிரிகளைச் செப்புத் தகடுகளில் செதுக்கி அச்சிட்டு விற்றார்கள். கொப்பர்பிளேட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான். ஜோர்ஜ் பிக்ஹாம் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'த யுனிவர்சல் பென்மன்' 212 தகடுகள் கொண்டது. இன்று நாம் 'பழைய காலத்துக் கம்பீரம்' என்று நினைப்பது அக்காலத்தில் கிளாக்குமார் வேலைக்காகப் பழகிய கையெழுத்து. வேகமாகவும் ஒரே சீராகவும் எழுதவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இரண்டாவது, தட்டைமுனைப் பேனாவில் பிறந்தது. இங்கே கோட்டின் தடிப்பைத் தீர்மானிப்பது அழுத்தமல்ல, பேனா பிடிக்கும் கோணம். இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்து அலுவலக எழுத்தின் வழி வந்தது. ஸப்ஃபினோ இந்தக் கிளையைச் சேர்ந்தது.

இரண்டு கிளைக்கும் பொதுவான தொல்லை ஒன்றுண்டு. 'அம்மா' என்று கையால் எழுதிப் பாருங்கள். முதல் மகரமும் இரண்டாவது மகரமும் ஒரே மாதிரி இருக்காது. பக்கத்து எழுத்து, வரியில் மிஞ்சியிருக்கும் இடம், கையின் வேகம் எல்லாம் வடிவத்தை மாற்றும். அச்சு இதற்கு நேரெதிர். ஓர் எழுத்துக்கு ஒரு வடிவம், பத்தாயிரம் தடவை வந்தாலும் அதே வடிவம். கையெழுத்துப் போல் தோன்றவேண்டிய ஒரு பக்கத்தில் ஒரே வளைவு மூன்றாம் முறை வரும்போதே கண் கண்டுபிடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது அழகாகத் தெரிந்தாலும் கையெழுத்தாகத் தெரிவதில்லை.

ஈய அச்செழுத்துக் காலத்தில் இன்னொரு தடையும் இருந்தது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு செவ்வகக் கட்டையின் தலையில் இருக்கும். வால் நீண்டு கட்டைக்கு வெளியே போனால் பக்கத்துக் கட்டையின் தோளில்தான் சாய்ந்து நிற்கவேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அச்சழுத்தத்தில் உடைந்துபோகும். ஆகவே எழுத்தை வரைபவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும், கடைசியில் அந்தப் பெட்டிக்குள் அடங்கவேண்டியதுதான்.

அடங்க மறுத்த எழுத்தை வரைந்தவர் ஹேர்மன் ஸப்ஃப். 1918 நவம்பர் 8இல் ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரில் பிறந்தார். மின்பொறியியல் படிக்க ஆசைப்பட்டவர். தந்தை தொழிற்சங்கக்காரர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் வேலை போயிற்று, சிறிது காலம் டாக்கவ் முகாமுக்கும் அனுப்பப்பட்டார். அப்படிப்பட்டவரின் மகனுக்குத் தொழில்நுட்பக் கல்லூரியின் கதவு மூடிக்கொண்டது. வரையத் தெரிந்த பையன் என்பதால் ஆசிரியர்கள் அச்சுத்தொழில் பழகச் சொன்னார்கள். நேர்முகத்துக்குக் கூப்பிட்ட நிறுவனங்கள் எல்லாம் வேலையைப் பாராட்டின, அரசியல் கேள்வி கேட்டன, திருப்பி அனுப்பின. பத்து மாதங்கள் இப்படிப் போயின. தொலைபேசிப் புத்தகத்தின் கடைசியில் இருந்த நிறுவனம் மட்டும் அரசியலைக் கேட்கவில்லை. அங்கே படங்களைத் திருத்தும் தொழில் பழகச் சேர்ந்தார்.

1935இல் எழுத்துக்கலைஞர் ருடோல்ஃப் கொக்கின் நினைவுக் கண்காட்சி ஒன்றைப் பார்த்தபிறகு எழுத்து அவரைப் பிடித்துக்கொண்டது. கொக்கின் புத்தகத்தையும் ஆங்கிலேயர் எட்வேர்ட் ஜோன்ஸ்டனின் புத்தகத்தையும் வாங்கினார், ஒரு தட்டைமுனைப் பேனாவை எடுத்தார், தானே பழகினார். வாழ்நாளில் முறையாக ஒரு வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக்கலை படித்தவரல்ல. உலகில் எத்தனையோ பேர் இன்று அவருடைய எழுத்தை வாசித்துக்கொண்டிருப்பதை நினைத்தால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

போர் வந்தது. 1942இல் பீரங்கிப் படைப்பிரிவில் சேர்த்தார்கள். இடது வலது குழப்பும் மோசமான சிப்பாய் என்பதால் அங்கிருந்து எடுத்து வரைபடப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிரான்ஸின் போர்தோ நகரில் ஸ்பெயினின் இரகசிய வரைபடங்களை, குறிப்பாக ரயில் பாதைகளை, வரைந்தார். ஒரு மில்லிமீற்றர் உயர எழுத்துகளை உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் எழுதும் கண் அவருக்கு இருந்தது. அந்தக் கண்தான் அவரைப் போர்முனைக்கு வெளியே வைத்திருந்தது என்று சொல்லலாம்.

அங்கே, 1944இல், தன் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் ஓர் அகரவரிசையை எழுதினார். யாரும் கேட்கவில்லை, எந்த நிறுவனமும் காசு கொடுக்கவில்லை. வால்கள் மேலும் கீழும் தாராளமாக ஓடிய எழுத்து அது. ஸப்ஃபினோவின் விதை அந்தப் பக்கம்.

இந்த எழுத்துருவின் அழகைப் பற்றிப் பேசும் பலர் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆக்கிரமித்த நாட்டில் இருந்துகொண்டு, இன்னொரு நாட்டைப் பற்றி இராணுவத்துக்கு வரைபடம் தயாரித்த கைதான் அந்த அகரவரிசையையும் எழுதியது. தந்தையை முகாமுக்கு அனுப்பிய ஆட்சியின் சீருடைதான் மகனின் உடலிலும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் அந்தப் பக்கத்தைப் பார்க்கவேண்டும். அழகான எழுத்து என்பதற்காக அது நடந்த வருடம் மறைந்துவிடாது.

போர் முடிய பிரெஞ்சுக்காரரிடம் கைதியானார், 1945இல் ஊர் திரும்பினார். 1947இல் பிராங்பேர்ட்டின் ஸ்டெம்பல் எழுத்து வார்ப்பகத்தில் கலைப் பொறுப்பாளரானார். அதற்குப் பிந்தைய கதை அச்சுலகம் அறிந்தது: 1950இல் பலட்டினோ, 1958இல் ஒப்டிமா. வொஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவரில் செதுக்கிய 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் ஒப்டிமாவில்தான் இருக்கின்றன. 1960இல் நியூயோர்க்கின் பியர்பொன்ட் மோர்கன் நூலகத்துக்காக ஐக்கிய நாடுகள் சாசனத்தின் முகவுரையை அவர் கையால் எழுதிக் கொடுத்தார்.

ஆனால் 1944ஆம் ஆண்டுப் பக்கம் அச்சுக்கு வரவில்லை. 1950களின் தொடக்கத்தில் வேர்ச்சுவோசா என்ற ஸ்கிரிப்ட் எழுத்தை ஈயத்தில் வார்த்துப் பார்த்தார். ஈயக் கட்டை வால்களை வெட்டியது. அவர் நினைத்த சுதந்திரம் கிடைக்கவில்லை.

அடுத்த இருபது வருடங்களில் ஈயம் மெல்லப் போனது. எழுத்தைப் படச்சுருளில் வைத்து ஒளியால் கோக்கும் முறை வந்ததும் கட்டையின் எல்லை இல்லாமற் போயிற்று. 1960களின் நடுவில் மத்யூ கார்ட்டர், சார்ள்ஸ் ஸ்னெல் என்ற லண்டன் எழுத்தாசிரியரின் ரவுண்ட் ஹேண்டை அடிப்படையாக வைத்து ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டை வரைந்தது இந்த வசதியால்தான். எழுத்துக்கு எழுத்து கோடு அறாமல் தொடுகின்ற ஸ்கிரிப்ட் அது. ஆனாலும் பெட்டிச் சிக்கல்தான் தீர்ந்தது. ஓர் எழுத்துக்கு ஒரு வடிவம் என்ற சிக்கல் அப்படியே இருந்தது.

ஸப்ஃப் கணினியைக் கண்டு பயந்தவரல்ல. 1977 முதல் 1987 வரை அமெரிக்காவின் ரொச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் கணினி எழுத்தியலைக் கற்பித்தார். கணிதக் குறியீடுகளுக்கான ஒய்லர் எழுத்துருவை ஸ்டன்ஃபோர்டின் டொனால்ட் கனூத்துடன் சேர்ந்து உருவாக்கினார். அந்த வேலையில் இருந்த மாணவர்களில் ஒருவர் டேவிட் சீகல்.

1993இல் சீகல், ஸப்ஃபுக்கு ஒரு யோசனையை எழுதி அனுப்பினார். ஓர் எழுத்துக்குப் பல வடிவங்களை வரைவோம், எதை எங்கே வைப்பது என்பதைக் குழப்பக் கோட்பாட்டின்படி ஒரு மென்பொருள் தெரிவுசெய்யட்டும், அப்போது ஒரு பக்கம் இன்னொரு பக்கம் மாதிரி இருக்காது என்பது யோசனை. ஸப்ஃப் ஒப்புக்கொண்டார். போர்தோவின் குறிப்பேடு அவர் நினைவுக்கு வந்தது. நிரல் எழுத ஜீனோ லீ என்பவர் சேர்ந்தார். வேலை பாதியில் இருக்கையில் சொந்தக் காரணங்களால் சீகல் விலகினார், பிறகு இணையத்தள வடிவமைப்பில் பெயர் பெற்றார். தனியாக நின்ற ஸப்ஃப் வரைந்தவற்றை லினோடைப் நிறுவனத்திடம் கொண்டுபோனார். குழப்பக் கோட்பாட்டு மென்பொருளைக் கைவிட்டு, நான்கு அகரவரிசைகளும் கூட்டெழுத்துகளும் அலங்காரங்களுமாக 1998இல் ஸப்ஃபினோ வெளிவந்தது. அவருக்கு அப்போது 79 வயது, அந்த வருட நவம்பரில் 80. குறிப்பேட்டுப் பக்கம் எழுதி 54 வருடங்கள்.

நான்கு அகரவரிசை என்றால் வடிவமைப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துப் பார்த்து மாற்றவேண்டும். முதல் பிரதி அப்படித்தான். அப்பிள் தன் மக் இயங்குதளத்தில் அதைச் சேர்த்தபோது இந்த வேலையின் பெரும்பகுதி எழுத்துருவுக்குள்ளேயே போயிற்று. எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வந்தால் எந்த வடிவத்தைப் போடவேண்டும் என்ற விதிகள் கோப்புக்குள் எழுதப்பட்டன. 1,400க்கும் மேற்பட்ட வடிவங்கள் அதில் இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, பெரியதும் சிறியதும் சேர்த்தால் 52. மிச்சம் எல்லாம் கை தன்னைத் திரும்பச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான். 2000களின் தொடக்கத்தில் ஜப்பானியரான அகிரா கோபயாஷியும் ஸப்ஃபும் சேர்ந்து ஸப்ஃபினோ எக்ஸ்ட்ரா என்ற விரிவான பதிப்பை ஓப்பன்டைப் வடிவில் கொண்டுவந்தார்கள். தடித்த வகையான ஃபோர்ட்டேயும் அதில் வந்ததே. சீகல் கனவு கண்ட தற்செயல் இதில் இல்லை. ஒரே சொல்லைத் தட்டினால் ஒரே வடிவம்தான் வரும். ஆனால் ஒரு சொல்லுக்குள் ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தால் இரண்டும் வேறு வேறாக அமையக்கூடும். கண்ணை ஏமாற்ற அது போதுமானதாக இருக்கிறது.

விளைவு, ஸப்ஃபினோ எங்கும் நிறைந்துவிட்டது. மக் வாங்கிய எல்லோருக்கும் இலவசமாக வந்த எழுத்து என்பதால் அழகுநிலையப் பெயர்ப்பலகை முதல் மரண அறிவித்தல் வரை அதைப் பார்க்கலாம். மக்கைத் தொடாதவர்களும் தப்பவில்லை. நம் பாடசாலைச் சான்றிதழ்களில் அதிகம் காணும் மொனொடைப் கோர்சிவா, ஸப்ஃப் 1979இல் வரைந்த ஸப்ஃப் சான்சரியை நெருங்கி ஒத்தது.

இந்த 'ஒத்தது' என்ற சொல் அவர் வாழ்க்கையில் ஒரு காயம். விண்டோஸில் பலகாலம் இருந்த புக் அன்டிகுவா, பலட்டினோவுக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்தது. எழுத்துருக்கள் இப்படிப் பிரதி செய்யப்படுவதைச் சர்வதேச எழுத்தியல் சங்கம் கண்டுகொள்வதில்லை என்று எதிர்த்து 1993இல் அதிலிருந்து விலகினார். அமெரிக்கச் சட்டத்தில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை இல்லை, கோப்பாக இருக்கும் மென்பொருளுக்குத்தான் உண்டு. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பாதுகாக்கிறது. ஆனால் எங்கள் நகரங்களில் எழுத்துரு பென் டிரைவில் கைமாறும் பொருள். ஒரு கலைஞன் வரைய அரை நூற்றாண்டு காத்திருந்த வேலையை 'இறக்கிக்கொள்' என்ற ஒரு சொடுக்கில் எடுப்பது அவ்வளவு சாதாரணமாகிவிட்டது. விலை அதிகம் என்று சொல்வார்கள். பல ஸ்கிரிப்ட் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கின்றன என்பதைப் பலர் தேடிப்பார்ப்பதில்லை.

ஸப்ஃபினோவில் தமிழ் இல்லை. அரபு இருக்கிறது. லெபனானில் பிறந்த நடீன் ஷஹீன் வரைந்த ஸப்ஃபினோ அரபு 2014இல் வெளியானது. இலத்தீன் வடிவங்களை இழுத்து வளைத்து அரபாக்காமல், அரபு எழுத்துக்கலையின் மரபுக்குள் நின்று அதே வீச்சைத் தேடினார். அரபு கோத்தெழுதும் எழுத்து என்பதால் அந்தத் தேடலுக்கு இடமிருந்தது.

தமிழுக்கு அதே வழி பொருந்தாது. நம் எழுத்துகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஓலையில் எழுத்தாணி கீறிய கோட்டுக்குத் தடிப்பும் மெலிவும் இல்லை. அச்சில் நாம் பார்க்கும் தடிப்பு மெலிவு பிறகு வந்தது. ஆனால் சுழிக்கவும் நீட்டவும் இடம் நிறைய உண்டு: இகர ஈகார மேல்விலங்குகள், ஐகாரத்தின் இரட்டைச் சுழி, ழகரத்தின் அடி, ஞகரத்தின் வால். எனக்கு வரும் அழைப்பிதழ்களில் ஆங்கிலப் பக்கத்தில் மணமக்கள் பெயர் ஸ்கிரிப்டில் நடனமாடும். தமிழ்ப் பக்கத்தில் அதே பெயர், கோயில் நோட்டீஸுக்கும் போட்ட அதே எழுத்துருவில், சாய்வு பொத்தானை அழுத்தி இயந்திரத்தனமாகச் சரிக்கப்பட்டு நிற்கும். சரிந்த எழுத்து கையெழுத்தாகிவிடாது. தமிழில் அலங்கார எழுத்துருக்கள் இல்லாமலில்லை. ஆனால் ஓர் எழுத்துக்குப் பல வடிவம் வரைந்து, பக்கத்து எழுத்தைப் பார்த்து மாறச்செய்யும் நுட்பம் ஓப்பன்டைப்பில் தமிழுக்கும் திறந்துதான் கிடக்கிறது. அதை நிரப்பப் பேனா பிடித்த ஒரு கையும், அதற்குச் சம்பளம் கொடுக்க ஒருவரும் வேண்டும். ஊடகக் கற்கைகள் பட்டப்படிப்பில் எழுத்துரு எனக்கு வந்துபோனது ஓரிரு பாடவேளைகளில். பத்திரிகை வடிவமைப்பில் அதிகமாகக் கையாளும் பொருளைப் பற்றி அவ்வளவுதான் பேசுகிறோம்.

இப்போதைக்கு, ஆங்கிலப் பக்கத்துக்கு ஸப்ஃபினோவையோ அதன் உறவுகளையோ பாவிப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முழுவதும் பெரிய எழுத்தில் போடவேண்டாம். பெரிய எழுத்துகளின் வால்கள் ஒன்றோடொன்று சண்டைபிடிக்கும், பெயரை யாராலும் வாசிக்க முடியாது. எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டவேண்டாம், தொடவேண்டிய கோடுகள் அறுந்து தெரியும். பெயருக்கும் ஒரு வரிக்கும் போதும். இடம், நேரம், தொலைபேசி இலக்கம் எல்லாம் நேரான எழுத்தில் இருக்கட்டும், மண்டபத்தைத் தேடி அலைபவருக்கு ஐந்தும் ஆறும் தெளிவாகத் தெரியவேண்டும். வால்கள் உயரமாகவும் ஆழமாகவும் போவதால் வரிகளுக்கிடையே தூரம் சட்டென்று விரியும், அதைக் கையால் குறைத்தால் வால் மேல்வரியில் மோதுகிறதா என்று பாருங்கள். தங்க ஃபொயில் அடிப்பதானால் மிக மெல்லிய கோடுகள் விட்டுப்போகலாம், எழுத்தைப் பெரிதாக்குங்கள் அல்லது ஃபோர்ட்டேயை எடுங்கள். அச்சகத்துக்கு அனுப்புமுன் கோரல் ட்ரோவிலோ வேறெதிலோ எழுத்தைக் கேர்வ் ஆக்கிவிடுங்கள். அங்குள்ள கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் உங்கள் பெயர் வேறு முகத்தோடு அச்சாகி வரும்.

ஹேர்மன் ஸப்ஃப் 2015 ஜூன் 4இல் டாம்ஷ்டாட் நகரில் காலமானார், வயது 96. அவர் மனைவி குட்ரூன் ஸப்ஃப் ஃபொன் ஹெஸ்ஸவும் எழுத்துரு வடிவமைப்பாளர்தான். அவருடைய டியோட்டிமா எழுத்துருவைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.